சர்வகலாசாலைக் கம்பியும் குருட்டு நம்பிக்கையும்

பழையது என்பதற்காகவே ஒன்றை உயர்ந்தது என்று சொல்லுவது எப்படி மூடத்தனமோ, அப்படியேதான் புதியது என்பதற்காகவே ஒன்றைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக் கொள்ளுவதும் மூடத்தனமாகும் என்பது நமது அபிப்பிராயம். இதைப் பாமர மக்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சர்வகலாசாலைகளை நடத்தும் பெரிய படிப்பாளிகளுக்கே சொல்ல வேண்டியதாயிருக்கின்றது.

முன்னெல்லாம் சர்வகலாசாலைகளில் டெலிபோனுக்கு ஒரு கம்பியும், கம்ப்யூட்டர்களுக்கு வேறு கம்பியும் இருந்து வந்தன. இப்போது உலகில் அநேக சர்வகலாசாலைகளில் பேச்சும், கடிதமும், பரீட்சைக் கணக்கும் ஒரே வலைக்குள் போடப்பட்டு விட்டன. இதில் செலவு குறையலாம்; சௌகரியமும் உண்டு. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்த வலை அறுந்தால் என்ன செய்வது என்று யோசித்துத்தான் போட்டார்களா என்று கேட்கின்றோம்.

பழைய செப்புக் கம்பி டெலிபோனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. அங்கே 48 வோல்ட் பாட்டரிகள் வரிசையாய் வைக்கப்பட்டிருந்தன. ஆகவே ஊரே இருண்டு போனாலும் டெலிபோன் பேசிற்று. புது டெலிபோனோ, கட்டடத்திலுள்ள ஸ்விட்சுப் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் ஊமையாகிவிடும். பெட்டிக்குப் பாட்டரி வைத்திருந்தால் பேசும், வைக்காவிட்டால் பேசாது. இதில் கடவுள் செயல் எங்கே இருக்கின்றது? நடு இராத்திரியில் லிப்டில் அகப்பட்ட மாணவனும், ரசாயனச் சாலையில் தீயைக் கண்ட காவற்காரனும் யாரைக் கூப்பிடுவது? "கையில் செல்போன் இருக்கின்றதே" என்பார்கள். நிலவறைக்குள் அதற்கு அலை எட்டுமா? செல்போன் கோபுரத்துக்கு மட்டும் மின்சாரம் வேண்டாமா?

நிற்க, ஹாலந்து தேசத்து மாஸ்ட்ரிக்ட் சர்வகலாசாலையில் நடந்ததைப் பாருங்கள். 2019 அக்டோபரில் அங்கே ஒரு போலிக் கடிதம் கம்ப்யூட்டரில் திறக்கப்பட்டது. அந்த வழியாய் நுழைந்த திருடர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் பிடிபடாமல் உள்ளே உலாவி, டிசம்பர் 23-ந் தேதி 267 சர்வர்களைப் பூட்டிவிட்டார்கள். முக்கியமான சில காப்புப் பிரதிகளும் அதே வலையில் இருந்தபடியால் அவைகளும் சேர்ந்து பூட்டப்பட்டன. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொலைத்தவன் கதைதான் இது. முடிவில் 30 பிட்காயின், அதாவது சுமார் 2 லட்சம் யூரோ, திருடர்களுக்குக் கப்பமாகக் கட்டப்பட்டது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டவே வேண்டும். "எல்லாம் விதி" என்று சொல்லி அவர்கள் மூடி மறைக்கவில்லை. 2020 பிப்ரவரி 5-ந் தேதி கூட்டம் போட்டு, நடந்த தவறுகளை மற்றவர்களும் அறிந்து திருந்தும்படி பகிரங்கமாகச் சொன்னார்கள். காப்புப் பிரதியை வலைக்கு வெளியேயும் வைக்க ஏற்பாடு செய்தார்கள். தவறை ஒப்புக்கொண்டு காரணத்தைத் தேடுவதற்குத்தான் நாம் பகுத்தறிவு என்று பெயர் சொல்லுகின்றோம்.

ஆகவே தோழர்களே! உங்கள் பிள்ளைகள் படிக்கும் சர்வகலாசாலைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். மின்சாரம் நின்றால் டெலிபோன் எத்தனை மணி நேரம் பேசும்? ஒரு கம்பி அறுந்தால் வேறு வழி உண்டா? காப்புப் பிரதி வலைக்கு வெளியே இருக்கின்றதா? இதைக் கேட்க இஞ்சினீயர் படிப்பு வேண்டியதில்லை. வீட்டில் ஒரு விளக்கு அணைந்தால் எரிய மற்றொரு விளக்கை எடுத்து வைக்கும் கிழவிக்கு இருக்கும் அறிவே போதும். கேட்கிற நாம் எதற்காக வெட்கப்பட வேண்டும்? பதில் சொல்ல முடியாமல் விழிக்கிறவர்கள் வெட்கப்படட்டும்.