பினாங்கு போனவர் சொந்தம், கண்டிச் சீமை போனவர் அந்நியரா?

சென்ற தை மாதம் பாபநாசம் பக்கம் ஒரு கல்யாணம். மலேசியாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களுடைய கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர். ஒரு பழைய கடிதத்தில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு ஊரையும் பங்காளி வீட்டையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்கவில்லை. குலதெய்வக் கோயிலில் மாலை, வீட்டுக்கு வீடு விருந்து. எனக்கு மாமா முறையாகும் பெரியவர் ஒருவர், "எத்தனை தலைமுறை ஆனா என்ன தம்பி, ரத்தம் விட்டுப் போயிடுமா?" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே மாமா பந்தியில் உட்கார்ந்ததும், திருச்சி கொட்டப்பட்டு இலங்கை அகதிகள் முகாம் பற்றிப் பேச்சு வந்தபோது, "அந்த சிலோன்காரங்கள இன்னும் எத்தன வருஷத்துக்கு வச்சிக் காப்பாத்துறது? அவங்க நாட்டுக்கு அவங்க போவட்டுமே" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

மாமா ஒருவர் மட்டும் சொல்வதல்ல இது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை என்று எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தாலும் இதைக் கேட்கலாம். படித்தவர் வாயிலும் இதுதான், படிக்காதவர் வாயிலும் இதுதான். இலங்கையிலிருந்து வந்தவர் என்றால் அந்நியர், அவருக்கு ஒரு நாடு இருக்கிறது, அங்கே போய்விட வேண்டும். இதை நம்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கொட்டப்பட்டில் இருப்பவர்கள் யார்?

2019 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு சொன்னார். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழும் 65 பேர் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கு அது. அவர்கள் மலையகத் தமிழர்கள். அவர்களுடைய முன்னோர் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணிகள் கூட்டிப்போன கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பினாங்குக்குக் கப்பலேறியவரையும் கண்டிச் சீமைக்கு நடந்தவரையும் ஒரே பஞ்சம், ஒரே கடன், ஒரே கங்காணியின் முன்பணம்தான் துரத்தியது. இன்று ஒருவருடைய பேரன் வந்தால் மாலை போடுகிறோம், இன்னொருவருடைய பேரன் வந்தால் முகாம் வாசலில் வருகைப் பதிவேடு வைக்கிறோம்.

"அவங்க நாடு" என்று மாமா சொன்ன நாடு அவர்களுக்குச் செய்தது என்ன? 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்தது. அந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும் போதாது. அப்பா அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லையேல் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தோட்டத்து லயத்து அறையில் பிறந்த கூலிக்காரருடைய பிறப்பை எழுதி வைத்தவர் யார்? 1947 தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. பிறகு 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த மீதியையும் 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். களத்துமேட்டில் நெல்லை அளந்து பங்கு போடுவதுபோல மனிதர்களைப் பங்கு போட்டார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1983-இல் இலங்கைத் தமிழர்மீது நடந்த வன்முறைக்குப் பிறகு உயிருக்குத் தப்பி ஓடி வந்தவர்களில் இந்த மலையகத்தாரும் இருந்தார்கள். தாத்தா புறப்பட்ட மண்ணுக்குத்தான் பேரன் திரும்பி வந்தான்.

மண்டபம் முகாமையே பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை அரசு அங்கேதான் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை அடைத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பியது. அதே இடத்தில் இன்று அந்தக் கூலிகளின் வாரிசுகளை வைத்திருக்கிறோம். இதற்குப் பிறகும் அவர்கள் எந்த ஊர் என்று கேட்பவருக்கு வெட்கம் வேண்டாமா?

சட்டம் இதைவிட மோசம். குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் இந்திய வம்சாவளியினர் என்று பதிவு மூலம் குடியுரிமை பெற வேண்டுமானால் அவரோ அவருடைய அப்பா அம்மாவில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா கணக்கில் வர மாட்டார். அரசியல் சாசனத்தின் எட்டாவது பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்குத் தாத்தா பாட்டி இங்கே பிறந்திருந்தாலே போதும் என்றது. அந்தத் தாத்தாவை இந்தச் சட்டம் தள்ளிவிட்டது. போதாததற்கு 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், சட்டவிரோதக் குடியேறி என்று முத்திரை விழுந்தவர் விண்ணப்பிக்கவே முடியாது என்று கதவைச் சாத்தியது. உயிர் தப்பிப் படகில் வந்தவன் விசா வாங்கிக்கொண்டா வருவான்?

அதே இந்தியா 2024-இல் மொரீஷியஸில் ஏழாம் தலைமுறைக்கும், 2025-இல் டிரினிடாடில் ஆறாம் தலைமுறைக்கும் ஓ.சி.ஐ. எனும் வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர் அட்டை தருவதாக அறிவித்தது. தரட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. (அந்த அட்டை குடியுரிமை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாக்களிக்க முடியாது, ஒரு மா நஞ்சை வாங்க முடியாது. ஊரில் பலர் அதை இரட்டைக் குடியுரிமை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.) ஏழு தலைமுறைக்கு முன் போனவரின் ரத்தம் செல்லுமானால், கொட்டப்பட்டில் இருப்பவரின் தாத்தா ரத்தம் ஏன் செல்லாது? அவர் கையில் பாஸ்போர்ட்டும் வெளிநாட்டுப் பணமும் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

காரைக்காலையும் பார்ப்போம், அதுவும் நம் காவிரி மண்தானே. காரைக்காலை இந்தியாவுடன் சேர்க்கப் பிரெஞ்சுக்காரர்களுடன் செய்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொண்டார்கள். அந்தக் குடும்பங்களில் பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் டெல்டா முழுக்கப் போட்டி. வேறு நாட்டுக் குடிமகனாக நம் தெருவிலேயே வாழ்கிறவரை யாராவது "உன் நாட்டுக்குப் போ" என்றது உண்டா?

பூர்வீகத்துக்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள். என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். தஞ்சை மிராசுதாரின் கொள்ளுத்தாத்தாவுக்குப் பட்டா உண்டு, கோயில் கல்வெட்டில்கூடப் பெயர் இருக்கும். அவருடைய வயலில் நாற்று நட்ட பண்ணையாளுக்கு என்ன இருந்தது? குடியிருந்த மனைக்கட்டுகூட மிராசுதாருடையது. குடிசை போட்டிருந்த இடம் அவனுக்கே சொந்தம் என்று சொல்ல 1971-ஆம் ஆண்டில்தான் குடியிருப்புச் சட்டம் வந்தது. அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த சீமை இது. இங்கிருந்து ஓடிப்போனவனிடம் ஓடிய நாளின் ரசீதைக் கேட்கிறோம்! தோட்டத்துக்குப் போனவர்களில் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர் எத்தனை பேர் என்பதை நினைத்தால், அவர்கள் பூர்வீகத்தை ஏற்க நாம் ஏன் தயங்குகிறோம் என்பதும் விளங்கும். அந்த உறவு நமக்கு அப்போதும் வேண்டாம், இப்போதும் வேண்டாம்.

முகாமில் பிறந்த பிள்ளைகளின் கதி இன்னும் கொடுமை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 1986-இல் மண்டபத்தில் பிறந்து கொட்டப்பட்டில் வாழும் ஒரு பெண் தன் பாஸ்போர்ட்டுக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2022-இல் தீர்ப்பு வந்த பிறகுதான், தான் பிறந்த நாடு தன்னுடையது என்று அவரால் காட்ட முடிந்தது. 2024 தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தார். 2019-இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பலகையை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று எழுதியது. நல்லது. ஆனால் பலகை மாறியதால் யாருக்கும் வாக்குச்சீட்டு வந்துவிடவில்லை.

அந்த 65 பேரின் விண்ணப்பங்களைப் பெற்றுப் பதினாறு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லி ஆண்டுகள் ஓடிவிட்டன. கொட்டப்பட்டு முகாம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஐந்தாம் பிரிவில் தாத்தா பாட்டியையும் சேர்க்க வேண்டும், மலையகத் தமிழர்மீது விழுந்த சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரையை நீக்க வேண்டும். தஞ்சாவூர், நாகை, மயிலாடுதுறை, திருச்சி தொகுதிகளில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.