ஜாகை மாறும்போது

ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் ஒரு காலத்தில் நம்மவர்களுக்கு உடையவரின் ஞாபகம் ஒன்றுதான் வரும். ஸ்ரீராமானுஜர் அவதரித்த அந்த க்ஷேத்திரத்துக்கு வருகிறவர்கள், சந்நிதியில் சேவித்துப் பிரஸாதம் பெற்றுக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். இப்போது வருகிறவர்களோ பெட்டி படுக்கையுடன் வருகிறார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் கைத்தொலைபேசித் தொழிற்சாலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் இன்னொரு பெரிய மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களின் நடுவே இன்று தொழிற்சாலைக் கூரைகள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றில் வேலை செய்யும் ஆண்களும் பெண்களும் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும், பீஹார், ஒடிஸா, அஸ்ஸாம் முதலிய தூர தேசங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள்.

இத்தனை பேருக்கும் தங்க இடம் வேண்டுமல்லவா? 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி ஒன்று திறக்கப்பட்டது. அதுவே ஒரு பட்டணத்துக்குச் சமானம். அப்படியிருந்தும், பெரும்பாலோர் சுங்குவார்சத்திரம், மாத்தூர், வல்லம், ஒரகடம் முதலிய ஊர்களில் ஒற்றை அறையையோ, இரண்டு அறைச் சிறு வீட்டையோ வாடகைக்குப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஜாகை மாறுகிறது, ஷிப்டு மாறினால் ஜாகை மாறுகிறது, கல்யாணமானால் மாறுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறலாகாது என்பது நம் வழக்கம். தொழிற்சாலைகள் பஞ்சாங்கம் பார்த்தா ஆள் எடுக்கின்றன? 2014-ல் அந்தக் கைத்தொலைபேசித் தொழிற்சாலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தபோது, எத்தனை அறைகள் ஒரே மாதத்தில் காலியாயிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த அறைகளுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், நம் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களிலேயே பலர் கைதூக்க வேண்டியிருக்கும். பென்ஷன் பணத்தில் ஒரு மனை வாங்கி, நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நம்மில் உண்டு. அந்த அறைகளில் ஒன்றில் குடியிருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களும் நம்மில் உண்டு. ஆகையால் இவ்வாரம் வீடு காலி செய்கிறபோதும் குடிபுகுகிறபோதும் நடக்கும் சுத்தத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

காலி செய்யும் நாளன்று வீட்டுக்கார அம்மாளும் குடியிருந்த பிள்ளையும் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும்.

“என்ன தம்பி! சமையல் மேடைக்கு மேலே சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காயிருக்கிறதே?”

“நாங்கள் வந்த அன்றைக்கே அப்படித்தான் அம்மா இருந்தது!”

“அதெல்லாம் தெரியாது. பெயிண்டு அடிக்க ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.”

ஊரில் வெகு காலமாக நடந்துவரும் வழக்கம் இது. ஆனால் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் கடமைகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்தது. அதன் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு என்று கண்டிருக்கிறது. சாக்கடை அடைப்பு எடுப்பது, குழாய்க்கு வாஷர் போடுவது, உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றுவது முதலியவை குடியிருப்பவரின் பொறுப்பு. சாதாரணமாகப் புழங்குவதால் உண்டாகும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் ஈடு கொடுக்கவேண்டியதில்லை. வேறு உடன்பாடு இல்லாத பக்ஷத்தில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். இந்த விஷயம் இரு தரப்பாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் கடைசி நாளில் மனஸ்தாபத்துக்கு இடமில்லை.

ஆனால் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது சுவரைப் பற்றியதன்று. ஜாகை மாறுகிற சமயத்தில் நம்முடைய பணமும், கவனமும், சண்டையும் கண்ணுக்குத் தெரியும் இடங்களோடு நின்றுவிடுகின்றன. சுவர் வெளுக்கிறது, தரை பளபளக்கிறது, வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிப் பாலும் காய்ச்சியாகிவிடுகிறது. ஒரு வீட்டில் மனிதருக்கு உண்மையான அபாயம் எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

முதலாவது, தண்ணீர்த் தொட்டி. பூட்டிக் கிடக்கும் வீட்டின் சம்பிலும், மேல்தொட்டியிலும், மொட்டை மாடியில் மறந்துபோன வாளியிலும் தேங்கிய தண்ணீர், டெங்குக் கொசுவுக்குத் தாய் வீடு. அந்தக் கொசு நீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் முட்டையிடுகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டோம் என்று நாம் நிம்மதியடைவோம். ஆனால் உலர்ந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டவுடன் பொரித்துவிடுகின்றன. ஆகவே தொட்டியைக் காலி செய்வது மட்டும் போதாது; உட்சுவரை நார்ப் பிரஷ்ஷினால் தேய்த்துக் கழுவி, மூடி சரியாகப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். நீண்ட நாள் மூடிக் கிடந்த ஆழமான சம்பிலே ஆளை இறக்குவது ஆபத்து. வெளியே நின்று செய்யக்கூடியதை வெளியிலிருந்தே செய்வது உத்தமம்.

இரண்டாவது, குளியலறை. இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் கிடைக்கிறது. ஓடுகளில் வெள்ளையாகப் படிந்த கறையைப் போக்க, காலி செய்கிறவர்கள் ஆஸிட் வாங்கி ஊற்றுகிறார்கள். கறை போனதும், ‘கிருமியும் போகட்டும்’ என்று அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிடுகிறார்கள். ஆஸிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சிறு அறையில் அது நுரையீரலையே புண்ணாக்கிவிடும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உபயோகிக்கவே கூடாது. அன்றியும், இவற்றைக் குடம் குடமாகக் கொட்டினால் அவை கழிவுத் தொட்டிக்குள் போய், மலத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அப்புறம் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மேலே பளிச்சென்று தெரியச் செய்த சுத்தம், கீழே அசுத்தத்தைப் பெருக்கிவிடுகிறது!

மூன்றாவதுதான் அந்தக் கழிவுத் தொட்டி. எல்லோரும் செப்டிக் டாங்க் என்று சொல்கிறோமே, அதுதான். பாதாளச் சாக்கடை எட்டாத ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது. இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதன் கசடை இயந்திரத்தால் எடுத்தாக வேண்டும். இரண்டு பேருக்கென்று கட்டிய அறையில் ஆறு பேர் இருந்தால், அதற்கு முன்பே நிரம்பிவிடும். ஆனால் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்: காலி செய்கிறவருக்குத் தெரியாது, வருகிறவருக்குக் கேட்கத் தோன்றாது, சொந்தக்காரருக்கு ஞாபகம் இராது. பொங்கி வழியும்போதுதான் எல்லோருக்கும் தெரியவருகிறது. அவசரத்தில் யாராவது ஒருவர் உள்ளே இறங்குகிறார்.

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில், ஒரு குடியிருப்பின் கழிவுத் தொட்டி ஆறு உயிர்களைக் குடித்தது. தகப்பனாரும், அவருடைய இரண்டு குமாரர்களும் அந்த ஆறு பேரில் அடங்குவர். உள்ளே மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற மற்றவர் இறங்க, அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்க, இப்படியே ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். 2021 பிப்ரவரியில் அதே வட்டாரத்தில் ஓர் உணவு தயாரிப்புக் கூடத்தில் மூன்று பேர். 2022 அக்டோபரில் ஒரு தங்கும் விடுதியில் மூன்று பேர். நாலு வருஷத்துக்குள், ஒரு சிறு ஊரைச் சுற்றி, பன்னிரண்டு உயிர்கள்!

இதில் நடப்பது என்ன என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். மூடிய தொட்டியில் மலம் மக்கும்போது ஹைட்ரஜன் ஸல்பைடு, மீதேன் முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. பிராண வாயு குறைந்துபோகிறது. ஹைட்ரஜன் ஸல்பைடு கொஞ்சமாயிருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அதிகமாகும்போதோ மூக்கின் மோப்ப சக்தியே மரத்துப்போய்விடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து மனிதன் தைரியமாக இறங்குகிறான். இரண்டொரு மூச்சில் விழுந்துவிடுகிறான். பாழுங் கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையை இங்கே செய்யப் போவது அதைவிட விபரீதம். மீதேன் தீப்பற்றி வெடிக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்வதாலோ, மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைப்பதாலோ பயனில்லை. விழுந்தவரைத் தூக்க வெறுங்கையோடு இறங்காமல், தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டும். பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கும்போது இறங்காமல் நிற்கச் சொல்வது கல் நெஞ்சம் என்று தோன்றலாம். நெமிலியில் இறங்கியவர்களும் கல் நெஞ்சம் இல்லாதபடியால்தான் மாண்டார்கள். ஆகையால் அந்த நிலைமை வராமலே பார்த்துக்கொள்வதுதான் வழி.

பாதுகாப்புச் சாதனங்கள் இன்றி ஒருவரைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டு லக்ஷ ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடைச் சாவுக்கு உரிய நஷ்ட ஈட்டை 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு 30 லக்ஷ ரூபாயாக உயர்த்தியது. சொந்த வீடாயிற்றே என்று வீட்டுக்காரர் கூலிக்கு ஆள் வைத்தாலும் இந்தச் சட்டம் அவரையும் கட்டும். ஆனால் சட்டத்துக்குப் பயந்துதான் இதைச் செய்ய வேண்டுமா?

இந்த வேலை இன்னாருடையது, நம்முடையதன்று என்று ஜாதி பார்த்து ஒதுக்கி வைத்த மனோபாவம்தான் வேரிலுள்ள வியாதி. 1901-ல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மகாநாட்டுக்கு, தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தி என்னும் இளம் வக்கீல் போயிருந்தார். பிரதிநிதிகளுக்கான கக்கூஸ்கள் சகிக்க முடியாத நிலையிலிருந்தன. தொண்டர்களிடம் சொன்னபோது, அது தோட்டி வேலை என்று விலகிக்கொண்டார்கள். அவர் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே கழுவினார். சுயராஜ்யம் வந்து எத்தனையோ வருஷங்கள் ஆகியும், அந்தத் துடைப்பத்தின் பாடம் நம் வீட்டுக் கொல்லைப்புறம் வரை வந்து சேரவில்லை. இன்றைக்கு நாமே தொட்டியில் இறங்க வேண்டும் என்பதன்று அதன் பொருள். நாம் இறங்கத் துணியாத குழியில் பிறரை இறக்காமலிருக்க வேண்டும் என்பதே. அதற்குக் கழிவுநீர் லாரி இருக்கிறது. 14420 என்னும் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. லாரிக்குக் கொடுக்கும் பணம் சுவருக்குப் பூசும் வர்ணத்தைப் போல் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

காரியம் என்னவோ எளிதுதான். வீட்டை ஒப்படைக்கும்போது சாவியோடு ஒரு சீட்டும் கைமாறட்டும். அதில் மூன்று தேதிகள் இருந்தால் போதும்: மேல்தொட்டியும் சம்பும் தேய்த்துக் கழுவப்பட்ட தேதி, கழிவுத் தொட்டியில் லாரி விட்டுக் கசடு எடுத்த தேதி, சுவருக்குக் கடைசியாக வெள்ளையடித்த தேதி. கழிவுத் தொட்டியின் மூடி எந்த இடத்திலிருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். பல வீடுகளில் அதன்மேல் ஓடு பாவி மறைத்துவிடுகிறார்கள். சொந்தக்காரரும், போகிறவரும், வருகிறவரும் அதில் கையெழுத்திடலாம். மூன்றாம் தேதியைக் கண்டால் பெயிண்டுச் சண்டை பாதி தீர்ந்துவிடும். இரண்டாம் தேதி பழையதாயிருந்தால், பால் காய்ச்சுவதற்கு முன்பே லாரியைக் கூப்பிட்டுவிடலாம்.

ஒரகடத்தில் ஓர் அறையைக் காலி செய்யும் பிள்ளைக்கு, அடுத்து வரப்போகிறவன் யாரென்று தெரியாது. அவன் திருவண்ணாமலையிலிருந்து வரலாம், பீஹாரிலிருந்தும் வரலாம். பார்த்தறியாத ஒருவனுக்காக ஒரு மூலையைப் பெருக்கி வைப்பதும், ஒரு தேதியை உண்மையாக எழுதி வைப்பதும் தேச சேவையில் சேர்ந்தவையே என்பது நம் அபிப்பிராயம். இந்தத் தை மாதத்தில் வீடு மாறுகிற நேயர்களும், வீடு விடுகிற நேயர்களும் சீட்டைத் தயார் செய்துவிட்டு, அப்புறம் மாவிலை பறிக்கப் போகலாம்.