நிலமும் விசும்பும்

ஐம்பூதங்களை எண்ணப் புகுந்த புறநானூற்றுப் புலவர் முரஞ்சியூர் முடிநாகராயர், நிலத்தை அடுத்து விசும்பை வைத்தார். அவ்விரண்டற்கும் இடையே கண்ணுக்குப் புலனாகாத ஓர் உறவு உண்டென்பதைப் பௌதிக நூலார் அளந்து காட்டியுள்ளனர். சேலம் நாமக்கல் பகுதியினராகிய நாமும் அதனை நாள்தோறும் அளந்து குறித்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

மழையும் இடியும் இல்லாத தெளிந்த நாளிலும் காற்றில் மின்புலம் உண்டு. தரையருகே அது மீட்டருக்கு ஏறக்குறைய 100 வோல்ட்டு. 10 கிலோமீட்டர் உயரத்திலோ சில வோல்ட்டே. ஒரே நீர் குறுகிய மதகில் விரைந்தும் அகன்ற வாய்க்காலில் மெல்லவும் ஓடுமன்றோ? அதுபோல, வானினின்று இறங்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒரே அளவினதாதலின், காற்று மின்சாரத்தை நன்கு கடத்துமிடத்தே மின்புலம் தளரும்.

காற்றைக் கடத்தச் செய்வன மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களாகிய அயனிகள். தரையருகே அவற்றுள் பெரும்பகுதியைப் பிறப்பிப்பது மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம், தோரியம் முதலியவற்றின் கதிரியக்கமே. தோரியத்தின் வழிவந்த தோரான் என்னும் வாயு 56 விநாடியில் பாதியாய்த் தேய்தலின் உயரச் செல்லாது. யுரேனியத்தின் வழிவந்த ரேடான் பாதியாய்த் தேய 3.8 நாள் ஆகும். காற்றசையா இரவில் அது தரையருகே தேங்கும். பகல்வெயிலில் எழும் காற்றோடு மேலேறும். இன்னும் மேலே செல்லின் நிலத்தின் ஆட்சி ஒழிந்து விண்கதிர்களின் ஆட்சி தொடங்கும். விக்டர் ஹெஸ் 1912-இல் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறிக் கண்டது இதுவே.

இதனால் ஆம் பயன் யாதெனிற் கூறுவாம். 2011 மார்ச்சில் ஜப்பானிலுள்ள ஃபுகுஷிமா அணுவுலைகள் சிதைந்தபோது, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அப்பாலுள்ள ககியோகா ஆய்வகத்தில் மின்புலம் சட்டெனத் தாழ்ந்தது. தரையில் படிந்த கதிர்ப்பொருளே அதற்குக் காரணம். அங்கே நெடுங்காலம் எழுதிவைத்த கணக்கு இருந்தமையால் அத்தாழ்வு புலனாயிற்று. இயல்பை அறியாதவன் திரிபை எங்ஙனம் அறிவான்? கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுவுலைகளை உடைய நாடு நம் நாடு.

திருநெல்வேலியை அடுத்த தம் ஆய்வுக்கூடத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தார் இம்மின்புலத்தை அளந்துள்ளனர். நமக்கோ இயற்கையே ஓர் ஏணி சாத்தியிருக்கிறது. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தது. அருகிலுள்ள ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மலையும் கல்லேயாதலின் அங்கும் நிலக்கதிர் உண்டு எனச் சிலர் தடை கூறலாம். உண்மையே, ஆகவே மின்புலத்தோடு நிலக்கதிரையும் ரேடானையும் ஈரிடத்தும் உடன் அளத்தல் வேண்டும். இப்பணி நம் மாவட்டக் கல்லூரிகளுக்கு இயலாததன்று.

கதிரியக்கம் என்ற அளவில் அஞ்சுவாரும் உளர்; அச்சத்தை எள்ளுவாரும் உளர். அளந்தறிந்தவன் இரண்டும் செய்யான்.