யாருக்காக அந்த இருக்கை?

– இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

"கார் வாங்க வழியில்லாதவன் காரைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா?" என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். என் தந்தை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறருடைய கார்களை ஓட்டி வருகிறார். 'ஆக்டிங் டிரைவர்' என்பது அவர் தொழிலின் பெயர். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரி வாசலை மிதித்திருக்கிறான். கார் எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் காரின் இருக்கைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

எங்கள் விடுதியில் இரண்டு கட்சிகள் உண்டு. உயரமான எஸ்.யூ.வி.யே வசதி என்பது ஒரு கட்சி. தாழ்ந்து பாயும் ஸ்போர்ட்ஸ் கூப்பேயே சுகம் என்பது மறு கட்சி. இரண்டையும் எடுத்துக்காட்டோடு எடை போட்டுப் பார்ப்போமா?

ஃபோர்டு மஸ்டாங் கூப்பே 2016-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. டொயோட்டா ஃபார்ச்சூனரின் இரண்டாம் தலைமுறையும் அதே ஆண்டில்தான் இங்கே வந்தது. இரண்டின் நீளமும் ஏறத்தாழ 4.8 மீட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் இரண்டிலும் ஏறத்தாழ 2.7 மீட்டர். அகலத்தில் மஸ்டாங்கே சில சென்டிமீட்டர் கூடுதல்! ஆயினும் அதில் நால்வருக்குத்தான் இடம். ஃபார்ச்சூனரிலோ எழுவருக்கு இடம். இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது?

உயரத்திலிருந்து வந்தது. மஸ்டாங் 1.39 மீட்டர்; ஃபார்ச்சூனர் 1.83 மீட்டர். கூரை உயர்ந்தால் மனிதன் நாற்காலியில் அமர்வதுபோல் நிமிர்ந்து அமரலாம்; காலுக்கு வேண்டிய நீளம் குறையும். கூரை தாழ்ந்தால் காலை நீட்டிச் சாய்ந்தாக வேண்டும். ஒரே ஆள் அதிக நீளத்தை விழுங்கிவிடுகிறார். போதாக்குறைக்கு நீண்ட முன்மூடியின் கீழ் பெரிய எஞ்சின். பின்னோக்கிச் சரியும் கூரையால் பின் இருக்கையில் தலைக்குக் கிடைக்கும் இடம் முன்னிருக்கையைவிட ஏழு சென்டிமீட்டர் குறைவு. அது பையை வைக்கத் தகுந்த இடமே தவிர, பாட்டியை வைக்கத் தகுந்த இடமன்று.

அப்படியானால் எஸ்.யூ.வி. வென்றுவிட்டதா? அவசரப்பட வேண்டாம். இயற்பியல் மாணவனாக ஒரு கணக்குச் சொல்கிறேன். 45 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், 60 கிலோ எடையுள்ளவரை அந்த வளைவில் திருப்ப 300 நியூட்டன் விசை வேண்டும். அவருடைய எடையில் பாதி அது! கூப்பேயின் இருக்கையில் இருபுறமும் எழும்பி நிற்கும் மெத்தை விலாவைத் தாங்கி அந்த விசையைத் தருகிறது. தட்டையான இருக்கையில் அமர்ந்தவரோ கைப்பிடியைப் பற்றித் தொங்க வேண்டும். வண்டி உயரமானால் வளைவில் வெளிப்புறம் சாய்வதும் கூடும். மேலே அமர்ந்தவரின் தலை அதிகமாக ஆடும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. சென்ற ஆடிப் பெருக்கன்று ஏழு இருக்கை வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். எழுபத்து நான்கு வயதான என் அப்பத்தாவால் அந்தப் படியில் கால் வைக்க முடியவில்லை. அப்பா வீட்டிலிருந்த பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு ஏற்றினார். அந்த முக்காலியும் எங்களோடு மலையேறியது! கடைசி வரிசையில் முழங்கால் மார்பைத் தொட நான் அமர்ந்திருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் என் வயிற்றில் எழுதப்பட்டன. கீழே இறங்கியதும் அப்பத்தா சொன்னாள்: "அந்தக் காலத்து அம்பாசடர்ல உக்காந்தா திண்ணையில உக்காந்தாப்புல இருக்கும் சாமி."

பாமரச் சொல் என்று நான் அதைத் தள்ளவில்லை. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் உயரம் 1.6 மீட்டர்; நம் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே. ஏறவும் வேண்டாம், விழவும் வேண்டாம். இடுப்பைத் திருப்பினால் இருக்கை. நீளத்தில் அது சிறியதுதான். எனினும் அதன் இருக்கை முதியவரின் இடுப்பு உயரத்தை அறிந்திருந்தது.

கூப்பேயின் கதை வேறு. முதலாளி ஒருவரின் கூப்பேயைப் பணிமனையிலிருந்து எடுத்து வர அப்பா போனார். தலையைக் குனிந்து, ஒரு காலை விட்டு, மீதி உடம்பைக் கீழே இறக்கினாராம். அன்றிரவு முதுகுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்தபடி அம்மா கேட்க, அவர் சொன்னார்: "உக்காந்துட்டா தாய் மடி மாதிரி புடிச்சுக்குது. எந்திரிக்கத்தான் ஒரு ஆள் வேணும்."

நண்பர்களே! இடம் என்பது வேறு. வசதி என்பது வேறு. எஸ்.யூ.வி. இடத்தைத் தருகிறது, கடைசி வரிசைக்காரனை மறக்கிறது. கூப்பே முன்னிருக்கைக்காரரை அணைத்துக்கொள்கிறது, பின்னால் இருப்பவரை மறக்கிறது. இரண்டையும் வாங்குவோர் முன்னிருக்கையில் ஐந்து நிமிடம் அமர்ந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுகிறார்கள். அந்த வண்டியில் நாளெல்லாம் அமர்ந்து ஓட்டப்போகும் ஓட்டுநரை அழைத்துச் சென்று அமர்த்திப் பார்த்தவர் எத்தனை பேர்? முழங்கால் வலிக்காரரைக் கதவருகே நிறுத்தி, "ஏறிப் பாருங்கள்" என்றவர் எத்தனை பேர்?

என் கருத்து இதுதான்: ஒரு காரின் வசதியை அதில் மிக எளிதாக அமர்பவரைக் கொண்டு அளக்கக் கூடாது, மிகத் துன்பப்பட்டு அமர்பவரைக் கொண்டு அளக்க வேண்டும். நாளை உங்களில் சிலர் கார் வாங்குவீர்கள். சிலர் கார்களை வடிவமைக்கவும் கூடும். அன்று அளவுநாடாவை எடுக்குமுன் உங்கள் அப்பத்தாவின் முழங்காலையும், யாரோ ஓர் ஓட்டுநரின் முதுகையும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.