இரவு இரயிலும் ஒரு பழைய நேர்ச்சையும்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்து நான் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் தம் துணைவியாருடன் வந்து வாயிலருகே நின்றார். அறுபது ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்து உழைத்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்களுடைய மகன் ஆஸ்திரியா நாட்டில் பணியாற்றுகிறான். விடுமுறைக்கு வந்திருந்த அவனும் பின்னாலேயே நின்றான்.

"ஃபாதர், அப்பாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்று தொடங்கினான். பெற்றோர் இருவரையும் உரோமைக்கும் லூர்துக்கும் அழைத்துச் செல்வதாகத் திட்டமாம். யூரெயில் பாஸ் வாங்கினால் ஒரே சீட்டில் 33 நாடுகளின் இரயில்களில் ஏறலாமாம். இரவு வண்டிகளாகப் பார்த்துப் போனால் விடுதி வாடகையும் மிச்சமாம். வியன்னாவிலிருந்து உரோமைக்கு ஓரிரவு, திரும்ப ஓரிரவு, பாரிசிலிருந்து லூர்துக்கு ஓரிரவு என்று கைப்பேசியில் கணக்கே போட்டு வைத்திருந்தான்.

எனக்குப் புகைவண்டிகளின் பேரில் சற்று ஆசை உண்டு என்பதைப் பங்கு மக்கள் அறிவர். ஆகவே அவர்களை அமரச் செய்து விவரங்களைக் கேட்டேன். கேட்கக் கேட்க, அந்த இளைஞன் கவனியாமல் விட்டவை சில இருப்பது தெரிந்தது. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவருவதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

யூரெயில் பாஸ் 1959ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்வோருக்காக ஏற்பட்டது. ஐரோப்பாவிலேயே குடியிருப்போருக்கு உரியது இன்டர்ரெயில் பாஸ். அது 1972இல் இளைஞர்களுக்கென்று தொடங்கி, பிறகு எல்லா வயதினருக்கும் விரிந்தது. இதில் குடியுரிமை கணக்கில்லை, குடியிருப்பே கணக்கு. ஆதலால் காஞ்சியிலிருந்து செல்லும் தாய் தந்தையர்க்கு யூரெயில், ஆஸ்திரியாவில் வாழும் மகனுக்கு இன்டர்ரெயில். மகனுக்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு: தான் குடியிருக்கும் நாட்டுக்குள் அந்தப் பாஸைக் கொண்டு வெளியே செல்ல ஒருமுறை, உள்ளே வர ஒருமுறை மட்டுமே பயணம் செய்யலாம். அவனோ மூவருக்கும் ஒரே பாஸ் என்று எண்ணியிருந்தான். அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணத்தில் பத்து விழுக்காடு குறைவு என்பதும் அவன் அறியாத செய்தி.

அடுத்தது படுக்கை. பாஸ் என்பது பயணம் செய்வதற்கான உரிமை. படுப்பதற்கான இடம் அன்று. இரவு வண்டியில் இருக்கையோ, நான்கு அல்லது ஆறு பேர் படுக்கும் அறையோ, கழுவுதொட்டியுடன் கூடிய தூங்கும் அறையோ எதுவாயினும் தனியே பணம் செலுத்தி முன்பதிவு செய்தாக வேண்டும். வசதி கூடக்கூடத் தொகையும் கூடும். கோடை மாதங்களில் அவை வெகு விரைவில் தீர்ந்துபோகும். உரோமையில் பயின்ற என் நண்பரான குருவானவர் ஒருவர் இதை அறியாமல், "பாஸ்தான் இருக்கிறதே" என்று இரவு வண்டியில் ஏறிவிட்டார். படுக்கைச் சீட்டு எங்கே என்று நடத்துநர் கேட்டபோது கையில் ஒன்றுமில்லை. விடியும் வரை நடைவழியில் தம் பெட்டியின் மேலேயே அமர்ந்திருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. எண்பது வயதில் அது ஆகிற காரியமா?

நாள் கணக்கும் உண்டு. ஏழு பயண நாள்கள் கொண்ட பாஸ் என்றால் ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடியும். நள்ளிரவுக்கு முன் ஏறி, இடையில் மாறாமல் விடிந்த பின் இறங்கினால் ஏறிய நாள் ஒன்று மட்டுமே செலவாகும். நள்ளிரவுக்குப் பின் வேறு வண்டிக்கு மாறினாலோ மறுநாளும் கணக்கில் சேரும். வியன்னாவில் மாலையில் ஏறி மறுநாள் காலை உரோமையில் இறங்கும் நேர்வண்டிக்கு ஒரு நாள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ் விசா ஆகாது. அது செல்லும் 33 நாடுகளுள் பிரிட்டன், அயர்லாந்து, செர்பியா, துருக்கி முதலியவை ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே உள்ளவை. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவுடன் சென்றவர் அவ்வட்டத்தைவிட்டு வெளியேறினால் திரும்ப முடியாது. ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் நடு இரவில் காவலர் கதவைத் தட்டிக் கடவுச்சீட்டைக் கேட்பது உண்டு. அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வது நன்று.

இவ்வளவும் பேசி முடிக்கும் வரை பெரியவர் வாய் திறக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "ஒரு சீட்டில் இரண்டு நாடு போகிறது எனக்குப் புதுசில்லை, சாமி. மடுவுக்குப் போனேனே!"

1962ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மருதமடு அன்னையின் திருவிழாவுக்குத் தம் தகப்பனாருடன் அவர் சென்றிருக்கிறார். காஞ்சியிலிருந்து செங்கற்பட்டு வரை சிறு வண்டி. அங்கே இரவில் எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில். மறுநாள் பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடித் துறை. அங்கிருந்து கப்பலில் ஏறத்தாழ 20 மைல் கடல். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு வண்டி ஆயத்தமாக நிற்கும்; அந்தப் பாதையிலேயே மடு ரோடு நிலையம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல் இந்தத் தொடர்வழி நடைபெற்றுவந்தது. அதற்கு முன் போட் மெயில் தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்தது. இரயில், கப்பல், மறுபடியும் இரயில் என மூன்றுக்கும் சேர்த்துச் சென்னையிலேயே ஒரே சீட்டு வாங்கலாம்.

"கோர்வைப் புடவை மாதிரி, சாமி. உடல் தனி, கரை தனி. ஆனால் பிரித்தால் பிரியாது" என்றார். மந்தாரை இலையில் கட்டிய புளிச்சோறு இரண்டு நாள் தாங்கியதாம். தகப்பனார் பீடத்துக்கென்று தம் கையால் நெய்த பட்டு விரிப்பு ஒன்றை மூட்டையில் வைத்திருந்தாராம். சுங்க அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்து, "இது மாதாவுக்கா?" என்று கேட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாராம். அறுபது ஆண்டு கடந்தும் அந்த மடிப்பு அவர் நினைவில் இருந்தது. அவருடைய தகப்பனாரின் இளமைக் காலத்தில் கெடுபிடி இன்னும் குறைவு. 1948இல் இலங்கை இயற்றிய குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகே கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின.

அந்த ஆலயத்தில்தான் தகப்பனார் ஒரு நேர்ச்சை செய்திருக்கிறார். மகனுக்குத் திருமணமானதும் தம்பதியாகக் கொண்டுவந்து அன்னையின் திருமுன் நிறுத்துவேன் என்று.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயலும் கடலும் தனுஷ்கோடியைக் கொண்டுபோயின. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலையில் மறைந்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது உண்மையே. ஆனால் அந்தக் கப்பலில் எதிர்த்திசையில் வந்தவர்கள் யார்? அதே 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்பாட்டில், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து இறங்கினர். அவர்களுக்குத் திரும்பிச் செல்லும் சீட்டு இல்லை.

நம் பெரியவருக்கு 1971இல் திருமணம். தறி, கடன், பிள்ளைகள். நாளை நாளை என்று தள்ளிப்போட்டார். 1980களில் போர் மூண்டது, கப்பலும் நின்றது. தகப்பனார் கண்ணை மூடும்போது, "மடுவுக்குப் போகவில்லையே" என்று சொன்னாராம்.

"உரோமைக்குப் போனால் அது தீர்ந்துவிடும் அல்லவா, ஃபாதர்?" என்று மகன் கேட்டான். அவன் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான். ஆனால் இதில் திருச்சபைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே அதன் இயல்பால் கட்டும். தகப்பன் செய்த நேர்ச்சை மகனுக்குக் கடன் அன்று. தம் சொந்த நேர்ச்சையேயானாலும், தகுந்த காரணமிருந்தால் அதிலிருந்து விடுவிக்கப் பங்குத் தந்தைக்கு அதிகாரம் உண்டு. "ஐயா, உங்கள் மேல் பாவம் ஏதுமில்லை. இத்தனை ஆண்டுகள் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்க வேண்டியதே இல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "பாவம் என்று நான் சொல்லவில்லை, சாமி. போகணும் என்று இருக்கிறது."

அருகில் அந்த அம்மாள் தலைக்குமேல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நேர்ச்சையில் நிறுத்தப்பட வேண்டிய மணமகள் அவரே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வழி இல்லாமற் போகவில்லை. 2015 மார்ச் மாதத்தில் தலைமன்னார் வரை மீண்டும் இரயில் ஓடத் தொடங்கிற்று. அதே ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் மடு ஆலயத்துக்கு வந்தார். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. எனினும் எழும்பூரில் நின்றுகொண்டு கொழும்புக்கு ஒரு சீட்டு என்று கேட்க இன்று இயலாது. வியன்னாவில் அமர்ந்து உரோமைக்குக் கேட்கலாம். நூறாண்டுக்கு முன் நம் மக்களுக்குக் கிடைத்த வசதி இது என்பதை எண்ணும்போது எனக்குச் சற்றுக் கோபமே வருகிறது.

மகனிடம் திட்டத்தைக் குறைக்கச் சொன்னேன். மூன்று இரவு வண்டி வேண்டாம்; ஒன்று போதும். மூவர் தூங்கும் அறை ஒன்றை முதலில் பதிவு செய். அது கிடைத்த நாளைக்கே பாஸ் வாங்கு. லூர்துக்குப் பகலில் போ. பிரெஞ்சு விரைவு வண்டிக்கும் முன்பதிவு வேண்டும், மறவாதே. மிச்சமாகும் நாள்களிலும் பணத்திலும் நாகப்பட்டினத்து வழியை விசாரி. அவன் சிறிது நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு, "அப்படியானால் மடு முதலில், ஃபாதர். உரோமை அடுத்த வருஷம்" என்றான்.

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அந்த அம்மாளின் ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் வேறொரு பெயர். அதைச் சரிசெய்ய இரண்டு வாரமாக அலைகிறார்கள். நேற்று மாலை பெரியவர் செபமாலைக்கு வந்தபோது என்னைத் தனியே அழைத்து, நாகப்பட்டினத்துக் கப்பலில் படுக்க இடம் உண்டா என்று கேட்டார். நான்கு மணி நேரந்தான், உட்கார்ந்தே போய்விடலாம் என்றேன்.

"நான்கு மணியா!" என்றார். பிறகு வீட்டில் தறி ஒன்று இன்னும் இருக்கிறது என்றும், பேரனை ஓடம் பிடிக்கச் சொல்லிச் சிறிதாக ஒரு விரிப்பு நெய்யலாமா என்று பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.