பிள்ளையோடு மலையேறுங்கள்
இத்தாலியின் பலெர்மோ நகரில் வாழும் ஈழத் தமிழர்கள், சைவர்களும் கத்தோலிக்கருமாக, மொந்தே பெல்லெக்ரினோ மலையேறிப் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போவது வழக்கம். 1624-இல் பரவிய கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று ஊரே நம்பும் புனிதர் அவர். பிள்ளையின் மனம் ஓரிடத்தில் நிற்க வகுப்பு தேடும் பெற்றோருக்கு, அந்த மலைப்பயணமே போதும் என்று நான் சொல்வேன்: பிள்ளையின் கையைப் பிடித்து, குகைக்குச் செல்லும் பழைய கற்பாதையில் ஏறுங்கள். மூச்சு வாங்கும், நின்று, அது அடங்கும்வரை இருவருமாகக் கவனியுங்கள். குகைக்கூரையில் கசியும் நீரை உலோகத் தகடுகள் ஏந்தி வழியவிடும். அந்தச் சொட்டுச் சத்தத்தைப் பிள்ளை கேட்கட்டும், விளக்கம் வேண்டாம். வேலை முடிந்து களைத்து வரும் அப்பா அம்மாவுக்கு இது கூடுதல் சுமையல்ல, எப்படியும் போகிற வழிதான். கைப்பேசியை மட்டும் பைக்குள் போடுங்கள், முதலில் உங்களுடையதை.