எந்தத் தார்?

ஆசிரியருக்கு,

செகண்ட் ஹேண்ட் தார் வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரை விலையோடு நின்றுவிட்டது. 2010 முதல் 2020 வரை வந்த பழைய மஹிந்திரா தார், தோட்ட வேலைக்குத் தோதான வண்டி. உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். ஆனால் ஏர்பேக்கை எதிர்பார்க்க முடியாது. பின்னால் உட்கார பக்கவாட்டு பெஞ்சுதான். பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர்கள் 2020 அக்டோபரில் வந்த புதிய தாரையே பார்க்கட்டும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அது 4 நட்சத்திரம் பெற்றது.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. 2023 முதல் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் தாரும் விற்பனையில் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. சேற்றில் இறங்கினால்தான் தெரியும்! அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், கியர் பக்கத்தில் ஃபோர் வீல் டிரைவ் லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியானால், குனிந்து சேஸிஸில் துருவையும் பார்த்துவிடுங்கள்.

– ஒரு வாசகர், கோத்தகிரி